வெளிநாட்டுத் தெருவில் ஒரு முகம்: காவேரிப்பட்டணத்துத் தம்பிக்கு

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நிறுவனம் வரும் செப்டம்பரில் மூன்று மாதப் பயிற்சிக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு அனுப்புகிறது. போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கல். வார இறுதிகளில் பாரிஸ், புடாபெஸ்ட் என்று போய்வர எண்ணம். கோபுரங்களையும் பாலங்களையும்விட அங்கே தெருவில் நடக்கும் மனிதர்களின் முகங்களைப் படம் எடுக்க ஆசை. ‘கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடுகிறது, கேட்காமல் எடுக்க மனம் கூசுகிறது. தூரத்தில் நின்று எடுக்க 70-200 ஜூம் லென்ஸ் வாங்கிவிடலாமா? சட்டத்தில் மாட்டிக்கொள்வேனா?’ என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, அந்த ஜூம் லென்ஸை வாங்காதீர்கள். மனம் கூசுகிறது என்கிறீர்களே, அந்தக் கூச்சத்தை லென்ஸ் போக்காது. உங்களை நாற்பது அடி தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான். அங்கிருந்து எடுத்த படத்தில் அந்த மனிதர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அது தெருக் காட்சியாகலாம். அந்த மனிதரின் முகப்படம் ஆகாது. ஒருவர் தன் முகத்தை நமக்குத் தந்தால்தான் அது முகப்படம். தர வைப்பதற்குப் பக்கத்தில் போக வேண்டும், பேச வேண்டும், கேட்க வேண்டும். நான் தர்மபுரியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் என்பதுதான் பிழைப்பு. வெளிநாடு போகும்போதெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் முகங்களைத்தான் எடுத்திருக்கிறேன். படம் நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய அரை நிமிடத்திலும் பிந்தைய ஒரு நிமிடத்திலும் முடிவாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உங்கள் ‘இயல்பு’ கவலையை எடுத்துக்கொள்வோம். பாரிஸ் நகரசபைக் கட்டடத்தின் முன்னால், நடைபாதைக் கூட்டத்துக்கு நடுவே ஓர் இளம் ஜோடி முத்தமிட்டுக்கொள்ளும் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ராபர்ட் துவானோ 1950-இல் எடுத்தது. உலகத்திலேயே மிக இயல்பான தெருப்படம் என்று பல ஆண்டுகள் கொண்டாடப்பட்டது. உண்மையில் அவர் அந்த ஜோடியை முதலில் கண்டார், அருகில் போய்ப் பேசினார், சம்மதம் வாங்கினார், தெருவில் மீண்டும் முத்தமிடச் சொல்லி எடுத்தார். இதை அவரே பிற்காலத்தில், படத்தில் இருப்பது தாங்கள்தான் என்று வேறொரு ஜோடி வழக்குப் போட்டபோது சொல்ல வேண்டி வந்தது. கேட்டதால் அந்தப் படத்தில் என்ன குறைந்துவிட்டது?

நீங்கள் போகும் ஜெர்மனியிலேயே இன்னும் வலுவான சாட்சி உண்டு. கொலோன் நகரத்து அகஸ்ட் சாண்டர் இருபதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய மக்களை வகை வகையாகப் படம் எடுத்தவர். உழவர், கொத்தனார், வக்கீல், வேலையற்றவர் என்று எல்லாரும் நின்று நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். 1928-இல் அவர் எடுத்த கேக் செய்பவரைப் பாருங்கள். உருண்ட வயிறு, வெள்ளை மேலங்கி, கையில் பெரிய கிண்ணமும் கரண்டியும். ‘இது என் இடம், இது என் தொழில்’ என்று அந்த நிற்கும் நிலையே சொல்கிறது. ஒளிந்திருந்து எடுத்தால் இந்தக் கம்பீரம் கிடைத்திருக்குமா? 1929-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் அச்சுத் தகடுகளை 1936-இல் நாஜிகள் அழித்தார்கள். ஆட்சியாளர்கள் விரும்பிய ஜெர்மானிய முகத்துக்கும் அவர் காட்டிய முகங்களுக்கும் ஒத்துவரவில்லை. அவருடைய சேகரிப்பு இன்று கொலோனில் பாதுகாக்கப்படுகிறது. ஒரு சனிக்கிழமை ரயில் ஏறிப் போய்வாருங்கள். புடாபெஸ்டைவிட அது உங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கேட்டவுடன் முகம் இறுகுவது உண்மைதான். பாஸ்போர்ட் படம் எடுக்கும் எவருக்கும் இது தெரியும். நாற்காலியில் அமர்ந்ததும் ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்வார், கழுத்து நீளும், உதடு ஒட்டிக்கொள்ளும். ‘முடிந்தது’ என்று சொன்ன அடுத்த கணம் தோள் இறங்கும், மூச்சு வெளியே வரும், கண்ணில் ஆள் திரும்பி வந்து உட்காருவார். அந்தக் கணத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் சம்மதம் கிடைத்த பதற்றத்தில் ஒரே படத்தை எடுத்து, நன்றி சொல்லி ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் கேட்டு எடுத்த படம் விறைப்பாக இருக்கிறது. கேட்டது காரணமே அல்ல. சீக்கிரம் கிளம்பியதுதான் காரணம்.

போச்சம்பள்ளி வாரச்சந்தையில் புளி விற்கும் ஒரு பாட்டியைப் படம் எடுத்ததைச் சொல்கிறேன். சாக்கை விரித்து, கொட்டை எடுத்த புளியைக் குவித்துவைத்து உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் புளிக்கறை. ‘உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா பாட்டி?’ என்றேன். ‘என் முகத்தில் என்ன இருக்கிறது? அங்கே சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை எடு’ என்றார். ‘நீங்கள் புளியைப் பிரிக்கிற கை எனக்குப் பிடித்திருக்கிறது’ என்றேன். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு படம் எடுத்தேன். ரேஷன் அட்டைப் படம் மாதிரி வந்தது. கேமராவை மார்புக்கு இறக்கிவிட்டு, அரைக் கிலோ புளி கேட்டேன். அவர் தராசைத் தூக்கினார், முள்ளைப் பார்த்தார், ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டார், ‘இது உனக்கு’ என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் படம். அப்போது கேமரா மறுபடி கண்ணுக்குப் போனதை அவர் பொருட்படுத்தவே இல்லை. ஏற்கெனவே சம்மதம் சொல்லியாகிவிட்டதே.

ஆக, வெளிநாட்டிலும் முறை இதுதான். கேமராவை மறைக்காமல் மார்பில் தொங்க விடுங்கள். எதிரே வருபவரை வழிமறிக்காதீர்கள். நின்றுகொண்டோ உட்கார்ந்தோ ஒரு வேலையில் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரர், இசைக்கலைஞர், பெஞ்சில் பேப்பர் படிப்பவர், நாயோடு நிற்பவர் போன்றோரிடம் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு இருக்கும். கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லி, ஏன் அவரை எடுக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு காரணம் சொல்லுங்கள். காரணம் குறிப்பாக இருக்க வேண்டும். ‘நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்’ என்பது ஒரு பெண்ணிடம் சொல்லக் கூடாத வாக்கியம்; ஆணிடம் சொன்னால் அவர் நம்ப மாட்டார். ‘இந்தத் தொப்பி’, ‘மேலே விழும் இந்த வெளிச்சம்’, ‘நீங்கள் ரொட்டியை அடுக்குகிற விதம்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: ‘டார்ஃப் இஷ் ஐன் ஃபோட்டோ ஃபொன் ஈனன் மாஹன்?’ உங்களை ஒரு படம் எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்பது. பயிற்சிக் கூடத்தில் உடன் இருப்பவரிடம் சொல்லிக்காட்டி உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். அதை அரைகுறையாகச் சொன்னாலும் மதிப்பார்கள். மிச்சத்தை ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம். பதில் ‘நைன், டாங்கே’ என்று வந்தால் வேண்டாம், நன்றி என்று பொருள். ஜெர்மானியர்கள் மறுப்பதில் சுற்றிவளைப்பு இருக்காது, கோபமும் இருக்காது. நம் ஊரில் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொன்னால் மனத்தாங்கல் வந்துவிட்டது என்று நினைப்போம். அங்கே அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். தலையசைத்து நன்றி சொல்லி நகருங்கள். இரண்டாம் முறை கேட்கவே கூடாது.

நீங்கள் இருக்கும் மாதங்களில் ஸ்டுட்கார்ட் தெருக்களில் சுட்ட கஷ்கொட்டை (செஸ்ட்நட்) விற்கும் தள்ளுவண்டிகள் வந்துவிடும். நம் ஊர் வண்டிக் கடையில் வேர்க்கடலை வறுப்பதுபோல அடுப்பின் மேல் தட்டில் போட்டுப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கரி படிந்த கையுறையைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டிக்கொண்டார். அதுதான் சம்மதம் என்று புரிந்தது. வார்த்தை வரும்வரை காத்திருக்காமல் ஆளின் உடம்பைக் கவனிக்க வேண்டும். அதேபோல, வாய் ‘சரி’ என்று சொன்னாலும் உடம்பு பின்வாங்கினால் அது சம்மதம் இல்லை. விட்டுவிடுங்கள்.

இனிக் கருவி. முகத்தின் அமைப்பு மாறுவதற்குக் காரணம் லென்ஸ் என்று நினைக்கிறோம். உண்மையில் காரணம் தூரம். இரண்டடியில் நின்றால் எந்த லென்ஸாக இருந்தாலும் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். ஐந்தடியில் நின்றால் முகம் நாம் நேரில் பார்ப்பதுபோல் அமையும். ஐந்தடி என்பது முன்பின் தெரியாத இருவர் சங்கடமில்லாமல் பேசும் தூரமும்கூட. அந்தத் தூரத்தில் தலையும் தோளும் கையும் சட்டத்துக்குள் வர, முழு அளவு சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் சரியாக இருக்கும். உங்களுடையது சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 35 மி.மீ. வாங்குங்கள். ஜூமுக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி மிஞ்சும். கையடக்கமான லென்ஸைப் பார்த்து யாரும் மிரளவும் மாட்டார்கள்.

லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை எஃப் 2.8 அல்லது 4-இல் வையுங்கள். துளை இன்னும் அகலமாகும் எஃப் 1.8-இல் ஒரு கண் தெளிவாக, மறு கண் மங்கலாக, பின்னால் இருக்கும் ஊர் முழுவதும் கரைந்து போயிருக்கும். அவ்வளவு தூரம் போய் எடுத்த படத்தை தர்மபுரிப் பேருந்து நிலையத்திலும் எடுத்திருக்கலாமே என்று தோன்றும். பின்னணி கொஞ்சம் அடையாளம் தெரிய வேண்டும். ஷட்டர் 1/250 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பேசிக்கொண்டே எடுக்கும்போது முகம் அசையும். கண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸை முன்பே இயக்கி வைத்துவிடுங்கள். ஒருவர் சம்மதித்த பிறகு மெனுவைத் தடவிக்கொண்டு நிற்பது அவருடைய பொறுமையைத் திருடுவது.

வெளிச்சத்தில் நமக்குப் புதிதாக இரண்டு விஷயங்கள் உண்டு. கேமராவின் அளவீடு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். நம் ஊர்க் கருத்த முகத்தை மட்டும் அளந்தால் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும். அதனால் கொஞ்சம் குறைக்கிறோம். அங்கே வெளிர்ந்த முகத்தை அளந்தால் மங்கலாக்கிவிடும். ஒளியை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப்வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது) கூட்ட வேண்டியிருக்கும். நம்மிடம் பழகிப்போன கணக்கு அங்கே தலைகீழாகும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, ஐரோப்பிய இலையுதிர்கால மேகமூட்டம். சுற்றுலாப் பயணிகள் சலித்துக்கொள்வார்கள். முகப்படக்காரனுக்கு அது வரம். வானம் முழுவதும் வெள்ளை வேட்டி கட்டிய ஸ்டூடியோ விளக்காக மாறிவிடும். ஆனால் மேலிருந்து மட்டும் ஒளி விழுவதால் கண்குழி இருளும். ஆளைக் கடையின் கூரை ஓரத்துக்கோ வாசல்படிக்கோ ஓர் அடி நகர்ந்து நிற்கச் சொன்னால் ஒளி பக்கவாட்டில் வந்து கண்ணுக்குள் இறங்கும். டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் மாலை நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். அப்போது கிறிஸ்துமஸ் சந்தையின் மரக்கடைகளில் எரியும் மஞ்சள் விளக்குகளை நம்பலாம். கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ எண்ணை 3200-க்கு ஏற்றத் தயங்காதீர்கள். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

சட்டம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போகும் நான்கு நாடுகளிலும் அது வேறு வேறு. ஜெர்மனியின் சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. 1898 ஜூலை 30 அன்று ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) பிஸ்மார்க், ஹாம்பர்க் அருகே ஃப்ரீட்ரிஷ்ரூ என்ற இடத்தில் தன் வீட்டில் இறந்தார். அன்று இரவு இரண்டு படக்காரர்கள் வேலையாளுக்குக் காசு கொடுத்து வீட்டுக்குள் புகுந்து, மக்னீசிய வெளிச்சத்தில் பிணத்தைப் படம் எடுத்து விற்க முயன்றார்கள். சிறைக்குப் போனார்கள். ஆனால் ஒருவருடைய உருவத்தின் மேல் அவருக்குள்ள உரிமையைச் சொல்லும் தெளிவான சட்டம் அப்போது இல்லை. அந்த விவகாரம் கிளப்பிய விவாதத்திலிருந்து வந்ததுதான் 1907-ஆம் ஆண்டுச் சட்டம். உருவப்படங்கள் பற்றிய அதன் பிரிவுகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அதன் 22-ஆம் பிரிவு சொல்வது: ஒருவருடைய படத்தை அவர் சம்மதம் இன்றிப் பரப்பவோ பொதுவில் காட்டவோ கூடாது. படத்துக்கு அவர் பணம் பெற்றிருந்தால், மாறாக நிரூபிக்கும்வரை சம்மதித்ததாகவே கொள்ளப்படும். அவர் இறந்த பிறகும் 10 ஆண்டுகளுக்கு நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். மீறினால் ஓராண்டுவரை சிறை அல்லது அபராதம். விலக்குகள் உண்டு. நிலக்காட்சியில் தற்செயலாக நிற்பவர்கள், ஊர்வலம், பொதுக்கூட்டம், கலைக்கான உயர்ந்த நோக்கம் போன்றவை அவை. இன்ஸ்டாகிராமில் போடுவதும் பரப்புவதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கலை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்பதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. பெர்லினில் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை ஒரு படக்காரர் கேட்காமல் எடுத்தார். 2013-இல் அந்தப் படம் ஒரு கண்காட்சிக்காகத் தெருவோரம் பெரிய பலகையில் வைக்கப்பட்டது. அந்தப் பெண் வழக்குப் போட்டார். வழக்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம்வரை போய் 2018-இல் முடிந்தது. தெருப்படம் கலைதான், ஒவ்வொரு படத்துக்கும் முன்சம்மதம் கேட்டால் அந்தக் கலையே நடக்காது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும், வாகனம் ஓடும் சாலையோரம் அவ்வளவு பெரிதாக அவரை நிறுத்திவைத்தது அவருடைய உரிமையை மீறியது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை அது மாற்றவில்லை. எடுப்பதைவிட எங்கே, எப்படிக் காட்டுகிறோம் என்பது பெரிய விஷயம் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

புடாபெஸ்ட் இருக்கும் ஹங்கேரி இன்னும் கறார். 2014 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சிவில் சட்டம், காட்டுவதற்கு மட்டுமல்ல, எடுப்பதற்கே சம்மதம் வேண்டும் என்கிறது. கூட்டமும் பொதுவாழ்வில் இருப்பவர்களும்தான் விலக்கு. பிரான்சில் எடுப்பதற்குத் தொல்லை குறைவு, வெளியிடும்போதுதான் சிக்கல். சிவில் சட்டத்தின் 9-ஆம் பிரிவு ஒவ்வொருவரின் அந்தரங்க வாழ்வையும் காக்கிறது. நீதிமன்றங்கள் அதன்கீழ் இழப்பீடு வழங்கியிருக்கின்றன.

மிக முக்கியமாகத் துபாய். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் பிறரைப் படம் எடுப்பதும் வைத்திருப்பதும் பரப்புவதும் அவர்களுடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகக் கருதப்பட்டால் குற்றம். குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம்வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடம் என்பது சாக்கு ஆகாது. அங்கே ஒரே விதி: கேட்காமல் எந்த முகத்தையும் எடுக்காதீர்கள். அந்த ஊர்ப் பெண்களைக் கேட்கவும் வேண்டாம். அரசுக் கட்டடம், அரண்மனை, ராணுவ இடம் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

அதற்காகத் துபாயில் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம். தேரா பகுதியில் கடற்கழியைக் கடக்கும் அப்ரா படகுத் துறைக்குப் போங்கள். படகோட்டி, சுமை தூக்குபவர், தேநீர்க் கடைக்காரர் என்று பாதிப்பேர் நம் துணைக்கண்டத்துக்காரர்கள். தமிழிலேயே பேச ஆள் கிடைப்பார். ‘எந்த ஊர் அண்ணா?’ என்று கேட்டால் கதை தானாக வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே வேலை செய்பவருக்குத் தன் படம் எங்கே வரும் என்பதில் உண்மையான பயம் இருக்கலாம். நிறுவனத்தின் சீருடை, தங்குமிடம், வேலை நேரம் ஆகியவை படத்தில் தெரிந்தால் அவருக்குத் தொல்லை வரலாம். எடுக்க ஒரு சம்மதம், வெளியிட இன்னொரு சம்மதம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘எடுத்துக்கொள், ஆனால் போடாதே’ என்றால் அந்தப் படம் அவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப் எண் தருவார். அவருடைய அம்மா பார்க்கப்போகும் படம் அது, நன்றாக எடுங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் நான் எடுக்காதவை சில உண்டு. பெற்றோர் பக்கத்தில் இல்லாத குழந்தைகள், தெருவில் படுத்திருப்பவர்கள், குடித்துவிட்டு நிலைதவறி இருப்பவர்கள், அழுதுகொண்டிருப்பவர்கள். ஆதரவற்ற நிலையில் இருப்பவரை அந்த நிலை தெரியும்படி எடுப்பதை ஜெர்மனியின் குற்றவியல் சட்டமே தனியாகத் தண்டிக்கிறது. வறுமையைப் படம் எடுத்துப் பாராட்டு வாங்கும் பழக்கத்தால் நம் ஊரே எவ்வளவு பட்டிருக்கிறது! வெளிநாட்டிலிருந்து வந்து நம் குடிசைகளை எடுத்துப்போனவர்கள் மீது நமக்குள்ள கோபத்தை அங்கே போகும்போதும் கூடவே எடுத்துப்போக வேண்டும்.

காசு கேட்டால் என்ன செய்வது? வேடம் போட்டுச் சிலையாக நிற்பவர், தெருவில் வாசிப்பவர் என்றால் முதலில் காசைப் போடுங்கள், பிறகு எடுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு. கடைக்காரர் என்றால் ஏதாவது வாங்குங்கள். மற்றவர்களுக்குப் பணத்தைவிட நல்லது, படத்தையே கொடுப்பது.

கொடுப்பது பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1936-இல் கலிஃபோர்னியாவில் டோரதியா லாங் எடுத்த, குழந்தைகள் தோளில் முகம் புதைக்க, கன்னத்தில் கைவைத்துத் தொலைவைப் பார்க்கும் தாயின் படம் உலகத்துக்கே தெரியும். அந்தத் தாய் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978-இல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம் என்று அவர் சொன்னார். பெயரைக் கேட்கவில்லை, ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார்கள், அனுப்பவே இல்லை, தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றார். 1984-இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் சிறுமியின் படம் 1985 ஜூனில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தது. அவர் ஷர்பத் குலா என்பதை 2002-இல் தேடிக் கண்டுபிடித்தார்கள். உலகமே பார்த்துவிட்ட அந்தப் படத்தை அதுவரை அவர் மட்டும் பார்த்ததில்லை. இதற்கு நேர்மாறாக, துவானோ அந்த முத்தப் படத்தின் ஒரு பிரதியை எடுத்த சில நாட்களிலேயே அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார். 2005-இல் அந்தப் பெண் அதை ஏலத்தில் விட்டபோது 1,55,000 யூரோவுக்குப் போனது. உங்கள் படம் அந்த விலைக்குப் போகும் என்று சொல்லவில்லை. எடுத்தவரும் இருந்தவரும் அந்தப் படத்தில் பங்காளிகள் என்று சொல்கிறேன்.

ஆகவே பெயரைக் கேளுங்கள், சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரும் மின்னஞ்சலும் அச்சடித்த சீட்டைப் பையில் வைத்திருங்கள். காவேரிப்பட்டணத்தில் எந்த அச்சகத்திலும் அடித்துக் கொடுப்பார்கள். முடிந்தால் இன்ஸ்டாக்ஸ் மினி மாதிரி உடனே படம் துப்பும் சிறு கேமரா ஒன்றும் எடுத்துப்போங்கள். பெரிய கேமராவில் எடுத்து முடித்ததும் இதில் ஒன்று எடுத்து அவர் கையிலேயே கொடுங்கள். உருவம் மெல்ல மேலெழும் அந்த ஓரிரு நிமிடம் அவர் உங்களை விட்டு நகர மாட்டார், பேச்சும் வளரும். என் நல்ல படங்கள் பல அந்தக் காத்திருப்பில் கிடைத்தவை. இரண்டு எச்சரிக்கைகள்: விமான நிலையத்தின் புதிய சிடி ஸ்கேன் இயந்திரங்கள் அந்தப் ஃபிலிமைக் கெடுக்கும், கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நிறம் சரியாக வராது, கோட்டின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

செப்டம்பர்வரை நேரம் இருக்கிறது. ஸ்டுட்கார்ட்டில் போய்த்தான் முதல் முறையாக ஒருவரைக் கேட்க வேண்டும் என்று இருக்காதீர்கள். உங்கள் ஊர் மயானக் கொள்ளை திருவிழாவில் வேடம் போட்டவர்களை எடுத்திருப்பீர்கள். அது பயிற்சி ஆகாது, அன்று எல்லாரும் படத்துக்காகவே காத்திருப்பார்கள். ஒகேனக்கல்லுக்குப் போங்கள். பரிசல் ஓட்டுபவர்களையும் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களையும் மீன் வறுக்கும் பெண்களையும் சுற்றுலாப் பயணிகள் நாள் முழுவதும் கேட்காமல் எடுத்துத் தள்ளுகிறார்கள். அவர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். அப்படிச் சலித்த ஒருவரிடம் போய், ‘அக்கா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். பாரிஸின் சுற்றுலாத் தெருக்களில் நீங்கள் சந்திக்கப்போவதும் இதே சலிப்பைத்தான். பிறகு தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சந்தைகளுக்குப் போங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்களிடம் தமிழ் சரளமாக வராதபோது எப்படிக் கேட்பது, கையாலும் கண்ணாலும் எப்படிக் காரணம் சொல்வது என்று பழகுங்கள். மறுப்பும் கிடைக்கும். ‘போ தம்பி, வேலை கிடக்கிறது’ என்று ஒரு தக்காளி வியாபாரி விரட்டுவதைப் பாலக்கோடு மண்டியில் வாங்கிப் பழகிவிட்டால் ‘நைன், டாங்கே’ காதில் உறைக்காது.

அங்கே போன பிறகு, எடுத்த படங்களை அன்றிரவே அனுப்பிவிடுங்கள். ஊருக்குத் திரும்பித் திருத்தி, வண்ணம் சேர்த்து அனுப்பலாம் என்று நினைத்தால் அது நடக்காது, வேலை விழுங்கிவிடும். விடுதியில் உட்கார்ந்து இரண்டே படம் தேர்ந்தெடுத்து, அவர் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அதே சந்தைக்குப் போகும்போது அந்தக் கஷ்கொட்டைக்காரரே உங்களைக் கூப்பிடுவார், பக்கத்துக் கடைக்காரரை அறிமுகம் செய்துவைப்பார். மூன்று மாதம் ஒரே ஊரில் இருக்கப்போகிறீர்கள் தம்பி, இரண்டு நாள் வந்துபோகும் பயணிக்குக் கிடைக்காத வசதி அது. முதல் மாதம் பாரிஸுக்கும் புடாபெஸ்டுக்கும் ஓடாமல் ஸ்டுட்கார்ட்டில் பழைய அரண்மனையை ஒட்டிய சந்தையிலேயே சனிக்கிழமைகளைக் கழியுங்கள்.